ஒரு தட்டும் மூன்றடுக்குக் கேக்கும்

கேக் என்னும் பண்டம் இப்பொழுது நம்மவர் இல்லங்களுக்குப் புதியதன்று. பிள்ளையின் பிறந்த நாளாயினும், மணமக்களின் வரவேற்பாயினும், தீபாவளியாயினும், மேசைமேல் ஒரு கேக் இல்லாவிடில் விருந்து நிறைவுறவில்லை என்று எண்ணும் காலம் இது. ஆயினும் அதனைப் பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன. மெத்தென்று எழும்பி நிற்கும் அடுக்குக் கேக் பட்டணத்துக் கடைக்காரருக்கே கைவரும், தோட்டத்து அடுப்பங்கரையில் ஆகாது என்பது ஒன்று. அது எழும்புவதும் அமுங்குவதும் சுடுகின்றவரின் கைராசியைப் பொறுத்தது என்பது மற்றொன்று. முதல் எண்ணம் நம் பணத்தைக் கரைக்கின்றது. இரண்டாவது எண்ணம் நம் வீட்டுப் பெண்களின் மானத்தைக் கரைக்கின்றது. ஆதலின் இவ்விரண்டையும் பற்றி நாம் கண்டறிந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வதும், செக்ரோல் எழுதுவதும், குலைக் கணக்கை ஒப்பிடுவதும் நம் அன்றாட அலுவல். மாலை ஐந்து மணிக்கே வீடு திரும்புவோம். அடுப்பங்கரையில் நமக்குள்ள உடைமை, மேசைமேல் வைக்கும் சிறு ஓவன் ஒன்றும், எட்டங்குல வட்டத் தட்டு ஒன்றுமே. இரண்டாவது தட்டு வாங்கினாலும் அந்த ஓவனுக்குள் வைக்க இடமில்லை. கிராணிக்கும் கேக்குக்கும் என்ன உறவு என்று நகைப்பாரும் உளர். உண்ணும் உரிமை உடையவனுக்குச் சுடும் கடமையும் உண்டு என்பதே அவர்கட்கு நாம் கூறும் விடை.

முதலில் கேக்கின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இந்நாடு பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்த காலத்தில் துரைமார் பங்களாக்களிலே சமையற்காரராக அமர்ந்தவருள் ஹைனானியச் சீனர் பலர். கேக்கும் ரொட்டியும் சுடும் தொழிலை அங்கே கற்றுக்கொண்ட அவர்கள், பின்னர்க் காப்பிக் கடைகள் திறந்து அதனைப் பொதுமக்களுக்கு உரியதாக்கினர். லயங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்கோ பங்களாக் கேக்கின் மணமே பெரும்பாலும் எட்டியது. இக்காரணத்தால், கேக் என்பது பெரிய வீட்டுப் பண்டம், பெரிய வீட்டுச் சாமான்கள் இன்றி அது ஆகாது என்னும் அச்சம் நம் மனத்தில் தங்கிவிட்டது.

ஆயின், நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். மலாய்க்காரர்கள் பாஹுலு சுடும் பழைய முறையில் ஓவனே இல்லை. பித்தளை அச்சில் மாவை ஊற்றி, கீழே தணலும் மூடியின் மேலே தணலும் இட்டு, முட்டையின் நுரையாலேயே அதனை எழும்பச் செய்தனர். சரவாக்கில் புகழ்பெற்ற லாப்பிஸ் கேக்கை நோக்கின், அதில் பத்து, பதினைந்து அடுக்குகளும் இருக்கும். அத்தனைக்கும் தட்டு ஒன்றே. ஒரு கரண்டி மாவை ஊற்றி, மேற்சூட்டில் வேகவைத்து, அதன்மேல் மறு கரண்டியை ஊற்றுவர். அது வெண்ணெய் மிகுந்து கனத்திருப்பது. நாம் இங்கே கூறப்போகும் மெத்தென்ற கேக் அன்று. ஆயினும் அடுக்குக்கு ஒரு தட்டு வேண்டுமென்னும் விதி எங்கும் இல்லை என்பதை அது மெய்ப்பிக்கின்றது.

இத்தொழில் இன்னார்க்கே உரியது என்பதும் இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் பேக்கிங் பவுடருக்கு முன்னோடியானதை 1843இல் இங்கிலாந்தில் உருவாக்கிய ஆல்பிரட் பேர்டு என்பவர் மருந்துச் சரக்கு விற்றவர். இந்நாட்டில் பாண்டான் இலைச்சாறு சேர்த்து நாம் விரும்பி உண்ணும் சிபோன் கேக்கை 1927இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்டுபிடித்த ஹாரி பேக்கர் என்பவரோ காப்புறுதி விற்றுப் பிழைத்தவர். இருபது ஆண்டுகள் தம் செய்முறையை இரகசியமாக வைத்திருந்து, பின்னர் 1947இல் ஒரு பெரிய மாவு நிறுவனத்திற்கு விற்றார். இவ்விருவரும் ஆண்கள். தந்தை வழியாக இத்தொழிலைப் பெற்றவர்களும் அல்லர். அடுப்பங்கரையில் நின்றதனால் அவர்களுடைய ஆண்மைக்கு யாதொரு குறைவும் வந்துவிடவில்லை.

நிற்க. கேக் ஏன் மெத்தென்று ஆகின்றது? காற்றினால். வெண்ணெயும் சீனியும் சேர்த்து அடிக்கும்போது, சீனியின் கூரிய மணிகள் வெண்ணெயைக் கிழித்து நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிய அறைகளைப் படைப்பதில்லை. முன்பே உள்ள அறைகளைத் தன் வாயுவால் ஊதிப் பெரிதாக்குவதே அதன் வேலை. அடிக்கும்போது காற்றைச் சேர்க்காதவன், பவுடரை இரட்டிப்பாக இட்டாலும் பயன் காணான். அறைகள் அளவுக்கு மீறி ஊதி வெடித்து, கேக் நடுவில் குழிந்துவிடும். பின்னர் ஓவனின் சூட்டில் முட்டையின் புரதம் உறைந்து, கோதுமையின் மாச்சத்து நீரை உண்டு இறுகி, அக்காற்றறைகளுக்குச் சுவராக நிற்கின்றன. காற்றைச் சேர்ப்பதும், சுவர் எழும் வரை அதனைக் காப்பதும் ஆகிய இவ்விரண்டே கேக் சுடும் தொழிலின் சாரம்.

நாம் ஆங்கில வழிக் கல்வி பெற்றவராதலின், ஆங்கிலச் சமையல் நூல்களைப் படிப்பது நமக்கு எளிது. ஆயினும் சொல் விளங்கியதனாலேயே பொருள் விளங்கிவிடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். அந்நூல்கள் யாவும் வெண்ணெயை அறைச் சூட்டில் வைத்து எடுத்துக்கொள்க என்று விதிக்கும். எவருடைய அறை? குளிர்நாட்டான் அறை 20 பாகைச் சூட்டில் இருக்கும். வெண்ணெய் காற்றைப் பிடித்து வைப்பதற்கு உகந்த நிலை அதுவே. தகரக் கூரையின்கீழ் உள்ள நம் அறையோ நண்பகலில் 32 பாகைக்கும் ஏறும். அங்கே ஒரு மணி நேரம் கிடந்த வெண்ணெய் எண்ணெயைப் போல் இளகி, எவ்வளவு அடித்தாலும் காற்றை ஏற்காது. ஆதலின் நம் நாட்டில், குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் பத்து நிமிடம் வைத்தாலே போதும். விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும். ஆனால் விரலில் எண்ணெய் ஒட்டக்கூடாது. முட்டையையும் அப்பொழுதே வெளியே எடுத்து வைத்தல் நலம். நூலை மதிப்போம், நம் கூரையையும் மதிப்போம்.

இனி அளவு. மூன்று அடுக்குக்கு வெண்ணெய் 300 கிராம், சீனி 300 கிராம், ஓடு நீக்கிய முட்டை 300 கிராம், கோதுமை மாவு 270 கிராம், சோளமாவு 30 கிராம், பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி, பால் நான்கு மேசைக்கரண்டி. முட்டை ஏறத்தாழ ஆறு வேண்டியிருக்கும். எண்ணிக்கையை நம்பாமல் நிறுத்துக்கொள்வதே முறை. சோளமாவு எதற்கெனின், கோதுமையில் உள்ள பசைச்சத்தைத் தணித்து மென்மையைத் தருவதற்கு. மாவை இட்டபின் நெடுநேரம் கிண்டினால் அப்பசை முறுக்கேறிக் கேக் ரொட்டியைப் போல் ஆகிவிடும்.

ஒரே தட்டும் சிறிது நேரமும் உடையவருக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, எல்லா மாவையும் ஒரே தட்டில் ஊற்றி உயரமாகச் சுட்டு, ஆறியபின் மூன்றாக அறுப்பது. தட்டு ஆழமாக இருந்தால் இது இயலும். ஆனால் நடு வேகுமுன் ஓரம் காய்ந்துவிடும். வேகவே ஒரு மணி நேரத்திற்குக் குறையாது. நன்கு ஆறுவதற்கு மேலும் இரண்டு மணி நேரம் செல்லும். சூட்டோடு அறுத்தால் நொறுங்கிப்போம். இரண்டாவது வழி, ஓவனோடு வரும் சதுரத் தட்டில் மெல்லியதாகப் பரப்பிச் சுட்டு, மூன்று பட்டைகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது. நேரம் மிகக் குறைவாக உள்ளோருக்கு இதுவே சிறந்தது. கால் மணி அல்லது இருபது நிமிடத்தில் வெந்துவிடும். நீளமான கேக் ஆதலின் பலருக்குச் சமமாகத் துண்டு போடவும் எளிது. மூன்றாவது வழி, வட்டத் தட்டிலேயே மூன்று முறை தனித்தனியே சுடுவது. மணவிழாவுக்கு வட்டக் கேக் வேண்டுமென்போர் இதனையே கைக்கொள்ள வேண்டும்.

இம்மூன்றாவது வழியில் ஓர் இடையூறு உண்டு. முதல் அடுக்கு வேகும்போது மற்ற இரண்டு அடுக்குக்கான மாவு காத்துக்கிடக்கும். ஈரம் பட்டவுடனே பேக்கிங் பவுடர் வாயுவை விடத் தொடங்கும். இப்பொழுது கடைகளில் கிடைப்பவற்றுள் பல, ஒரு பகுதியை ஈரத்திலும் எஞ்சியதைச் சூட்டிலும் விடும் தன்மையனவே. ஆயினும் நம் நாட்டு வெப்பத்தில் ஒரு மணி நேரம் கிடந்த மாவு, உடனே சுட்ட மாவுபோல் எழும்பாது. இதற்கு வழி யாதெனில், காத்திருக்கக்கூடியதைக் காத்திருக்கச் செய்து, காத்திருக்க இயலாததைக் கடைசி நிமிடத்தில் சேர்ப்பதே. வெண்ணெயும் சீனியும் முட்டையும் அடித்த குழம்பு 900 கிராம் இருக்கும். அதனை 300 கிராம் வீதம் மூன்று கிண்ணங்களில் பிரித்துக்கொள்க. மாவும் சோளமாவும் பவுடரும் கலந்து சலித்ததை மூன்று பங்காக்கித் தனியே வைக்க. ஒவ்வோர் அடுக்கும் ஓவனுக்குள் புகுவதற்குச் சற்று முன்னரே ஒரு கிண்ணத்தில் ஒரு பங்கு மாவையும் சிறிது பாலையும் சேர்த்து மெல்லக் கலக்குக. காத்திருக்கும் கிண்ணங்களை மூடி, குளிர்நீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிறுத்துக. ஒவ்வோர் அடுக்கும் ஒரே நிறையாக இருப்பதனால் ஒரே நேரத்தில் வெந்து, ஒரே உயரமாக நிற்கும்.

இம்முறையை நமக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று, நம் சின்னம்மா. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல்லாண்டு வேலை பார்த்தவர். சிற்றப்பா மறைந்தபின் தனித்து நின்று மகளை வளர்த்தவர். அவரிடம் தராசு இல்லை. பால் டின் ஒன்றே அவருடைய அளவுகோல். நாம் ஒருமுறை அவர் அள்ளிப்போட்ட மாவையும் சீனியையும் இரகசியமாக நிறுத்துப் பார்த்தோம். மூன்று முறை அள்ளியதிலும் வேறுபாடு ஒரு கரண்டிக்கு மேல் இல்லை. ஊரார் கைராசி என்று கூறுவது, எழுதிவைக்கப்படாத அளவேயன்றி வேறில்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

அவர் மகளுக்கு, அதாவது நம் தங்கைக்கு, மணம் நிச்சயமாயிற்று. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மாலையில் தோட்டத்து மண்டபத்தில் வரவேற்பு. மூன்றடுக்குக் கேக்குக்குப் பட்டணத்துக் கடைக்காரர் கேட்ட விலை ஒரு வெட்டுத் தொழிலாளியின் இரண்டு மூன்று நாட் கூலியாகும். நாமே சுட்டுவிடலாம் என்று சின்னம்மா கூறினார். வரவேற்புக்கு முதல் நாள் மாலை ஐந்தே காலுக்கு வெண்ணெயை வெளியே எடுத்தோம். மரக்கரண்டியால் அடிக்கும் வேலையை நாமும் அவரும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தோம்.

அவ்வேளையில், நமக்குத் தாத்தா முறையாகும் பெரியவர் ஒருவர் பின்கட்டு வழியே வந்தார். சற்று நேரம் நின்று பார்த்தார்.

"தம்பி, நீ படித்த பிள்ளை. உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தாலி இழந்தவள் கை பட்ட பண்டம் மணமேடைக்கு ஆகுமா? மாவுகூட எழும்பாது. பட்டணத்தில் ஒன்று சொல்லிவிடு. பணம் வேண்டுமானால் நான் தருகிறேன்" என்றார்.

அவர் தீயவர் அல்லர். தம் கையிலிருந்து பணம் தருவதற்கும் ஒருப்பட்டார் என்பதை நோக்குக. ஆயினும் அச்சொல் கேட்டவுடன் சின்னம்மா கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகளாக எத்தனையோ மணவீடுகளில் அவர் அவ்வாறு கை துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குச் சென்றதை நாம் கண்டிருக்கிறோம். இது அவர் பெற்ற மகளின் மணம்.

நாம் பெரியவரை நோக்கி, "தாத்தா, இன்று காலை நீங்கள் பசியாறிய தோசைக்கு மாவு ஆட்டியது யார்?" என்று கேட்டோம்.

அவர் விடை கூறவில்லை. அவர் வீட்டிற்கும் சேர்த்து நாள்தோறும் மாவு ஆட்டிக் கொடுப்பவர் சின்னம்மாவே. "அந்த மாவு பொங்கிற்றா, இல்லையா?" என்றோம்.

"அது வேறு, மங்கல காரியம் வேறு" என்றார் அவர்.

அறைக்குள்ளிருந்து தங்கை வெளியே வந்தாள். "தாத்தா, அம்மா சுடாத கேக்கை நான் வெட்டமாட்டேன். மேசையில் கேக் இல்லாவிட்டாலும் கவலையில்லை" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பெரியவர் ஏதும் கூறாமல் சென்றுவிட்டார். சின்னம்மா நெடுநேரம் நின்றார். பின்னர், "தம்பி, ஓவனைப் போடு" என்றார்.

முதல் அடுக்கு ஆறு மணி ஐந்து நிமிடத்திற்கு உள்ளே சென்றது. சூடு 175 பாகை. தட்டைச் சுற்றி ஈரத்துணியைப் பட்டையாக மடித்துக் கட்டியிருந்தோம். ஓரம் விரைந்து இறுகாமல் கேக் சமதளமாக எழும்புவதற்கு அது துணை. இருபத்துமூன்று நிமிடத்தில் வெந்தது. பத்து நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டுக் கவிழ்த்து, தட்டைக் குளிர்நீரில் கழுவித் துடைத்து, முன்பே வெட்டிவைத்த காகிதத்தை இட்டு, ஆறே முக்காலுக்கு இரண்டாம் அடுக்கை வைத்தோம். சூடான தட்டில் மாவை ஊற்றினால் ஓரத்து வெண்ணெய் உருகிப் பிரிந்துவிடும் என்பதனால், கழுவிக் குளிரச் செய்வது அவசியம். ஏழு மணி எட்டு நிமிடத்திற்கு இரண்டாவது வெளியே வந்தது. இரண்டும் ஒரே உயரம்.

அப்பொழுது மழை பிடித்தது. இடி ஒன்று இடித்தது. தோட்டம் முழுதும் மின்சாரம் நின்றது.

இருளிலே சின்னம்மா யாதும் பேசவில்லை. அவர் மனத்தில் பெரியவருடைய சொல் சுழன்றிருக்கும் என்பதற்கு ஐயமில்லை. நாம் கைவிளக்கை ஏற்றி மூன்றாம் கிண்ணத்தைப் பார்த்தோம். அதில் இன்னும் மாவு சேரவில்லை, பவுடர் சேரவில்லை. குளிர்நீர்த் தாம்பாளத்தில் வெண்ணெய்க் குழம்பு அமைதியாக இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தது. ஓவன் மீண்டும் சூடேறியபின், குழம்பைச் சிறிது அடித்து, மாவைச் சேர்த்து, எட்டு மணி பத்து நிமிடத்திற்கு உள்ளே வைத்தோம். எட்டரை கடந்து அது வெளிவந்தபோது, மூன்றையும் அருகருகே வைத்து அளவுகோலால் அளந்தோம். மூன்றாம் அடுக்கு மற்ற இரண்டிற்கும் ஒரு நூலளவும் தாழவில்லை.

அன்பர்களே, இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். எல்லா மாவையும் முதலிலேயே கலந்து வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அந்நாற்பது நிமிடத்தில் வாயு பெரிதும் வெளியேறி, மூன்றாம் அடுக்கு தட்டையாகிப் போயிருக்கும். அதன் காரணம் மின்சாரமும் பவுடருமே. ஆயின் மறுநாள் ஊரார் கூறியிருக்கும் காரணம் யாது? கைம்பெண்ணின் கை என்றே கூறியிருப்பர். அதுவும் ஒரு சாட்சியாக, பத்து ஆண்டுகள் கழித்தும் பிறிதொரு பெண்ணுக்கு எதிராக எடுத்துக் காட்டப்பட்டிருக்கும். எழும்பிய கேக்குகளை எவரும் எண்ணுவதில்லை. அமுங்கிய ஒன்றையே நினைவில் வைப்பர். மூடநம்பிக்கை இவ்வாறே உணவு பெற்று வளர்கின்றது. காரணத்தை அறியாத இடத்தில், பழி சுமத்துவதற்கு ஒரு பெண் எப்பொழுதும் கிடைத்துவிடுகின்றாள். கைம்பெண் இல்லாவிடில் மாதவிலக்கானவள், அவளும் இல்லாவிடில் பிள்ளையில்லாதவள்.

ஆதலின் கேக் அமுங்குவதற்குரிய மெய்யான காரணங்களை வரிசையாகக் கூறுவோம். பவுடர் பழையதாயிருத்தல். ஓவன் சூடேறுமுன் தட்டை வைத்தல். சுவர் இறுகுமுன் ஓவனின் கதவைத் திறத்தல். சிறிய ஓவன்களில் கதவை ஒருமுறை திறந்தாலே சூடு பெரிதும் வெளியேறிவிடும், ஆதலின் முதற் கால் மணி நேரம் திறத்தலாகாது. வேகுமுன் வெளியே எடுத்தல். பவுடரையோ சீனியையோ மிகுதியாக இடுதல். வெண்ணெய் உருகிய நிலையில் அடித்தல். கலந்த மாவைக் காக்கவைத்தல். இவற்றுள் எதுவும் சுடுபவளின் நெற்றியையோ கழுத்தையோ நோக்குவதில்லை.

அடுக்குகளை இரவு பத்து மணிக்கு ஒன்றுசேர்த்தோம். இடையே பூசுவதற்கு அன்னாசிப் பாகு. தோட்டத்து மண்டபத்தில் குளிர்சாதனம் இல்லை. வெண்ணெய்ப் பூச்சு 32 பாகைச் சூட்டில் வழியத் தொடங்கும். அன்னாசியைச் சீனியோடு இறுகக் காய்ச்சிய பாகோ வெப்பத்திற்கு அசையாது. அதன் புளிப்பு கேக்கின் இனிப்புக்கும் ஏற்றது. மேலே சலித்த சீனித்தூள் மட்டுமே. மூடிவைத்த கேக் மறுநாள் இன்னும் மென்மையாயிற்று.

வரவேற்பில் தங்கை கத்தியைத் தன் தாயின் கையில் கொடுத்து, அக்கையின்மேல் தன் கையையும் மணமகன் கையையும் வைத்து வெட்டினாள். கை தட்டியோரும் உளர், தட்டாதோரும் உளர். பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கேக் வெட்டும்போது வெளியே சென்றிருந்தவர், பின்னர் வந்து, தம் கொள்ளுப் பேரன் ஊட்டிய துண்டை உண்டார். அவர் மனம் மாறிற்று என்று நாம் கூறவரவில்லை. அடுத்த வாரம் வேறொரு வீட்டு விசேடத்திற்குச் சின்னம்மாவைக் கேக் சுட அழைத்தனர் என்பது மட்டும் உண்மை. கூலியும் கொடுத்தனர்.

தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள்கள் சில உண்டு. உங்கள் வீட்டில் நன்றாகச் சுடத் தெரிந்த தாயோ பாட்டியோ இருந்தால், அவர் அள்ளும் அளவை நிறுத்து, தமிழில் எழுதிவையுங்கள். பால் டின் கணக்கு அவரோடு மறைந்துபோக விடாதீர்கள். மகனையும் அடுப்பங்கரைக்கு அழையுங்கள். வெண்ணெய் அடிக்க இருபது நிமிடக் கைவலிமை வேண்டும். பந்தடிக்கும் கைக்கு அது பெரிதன்று. இரண்டாவது தட்டு இல்லையே, பெரிய ஓவன் இல்லையே என்று ஏங்கிக் கடன்பட்டு வாங்காதீர்கள். உள்ள தட்டை மூன்று முறை பயன்படுத்தக் கடிகாரமும் தராசும் போதும்.

இத்தனையும் செய்தபின்னும் என்றேனும் ஒரு நாள் கேக் அமுங்கிவிடலாம். அப்பொழுது ஒரு கரண்டி பேக்கிங் பவுடரைச் சுடுநீரில் இட்டுப் பாருங்கள், பொங்காவிடில் புதியது வாங்குங்கள். அடுப்பருகே நின்ற பெண்ணைப் பாராதீர்கள்.